பட்டை இரும்பைத் தாண்டி: வீட்டுப் பட்டறையில் டூல் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் கத்தி செய்வது எப்படி

லாரி ஸ்பிரிங்கின் பட்டை இரும்பில் நாலைந்து கத்தி அடித்துக் கை பழகியதும் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் வருகிறது. துருவே பிடிக்காத கத்தி ஒன்று செய்ய வேண்டும், இல்லையென்றால் மாதக்கணக்கில் கூர் மழுங்காதது ஒன்று. எனக்கும் வந்தது. டி2 என்ற டூல் ஸ்டீல் பிளேட் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு, அம்பாசமுத்திரம் பக்கம் எனக்குத் தொழில் காட்டிக்கொடுத்த ஆசாரியின் உலைக்குப் போனேன். பட்டைக்குச் செய்வது போலவே காய்ச்சி, காந்தம் விட்டதும், அதாவது சூட்டில் காந்தம் ஒட்டாமல் போனதும், எண்ணெயில் முக்கினோம். அரம் போட்டுப் பார்த்தால் வெண்ணெயாகக் கடிக்கிறது. சரி, சூடு பத்தவில்லை என்று மறுபடி மஞ்சள் தாண்டி வெளுக்கும் வரை காய்ச்சினோம். இந்தத் தடவை சம்மட்டி பட்டதும் வறுக்கி ரொட்டி மாதிரி உதிர்ந்தது. ஆசாரி ஒரு துண்டைப் பொறுக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது இரும்பு இல்ல தம்பி, வீம்பு."

வீம்பு யாருக்கு என்று புரிய எனக்கு ஒரு வருஷமும் ஏழெட்டுத் துண்டுகளும் ஆயின. அந்தச் செலவை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

பட்டைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்

லாரிப் பட்டையில் சுமார் 0.6 சதவீதம் கார்பன், கூடக் கொஞ்சம் சிலிக்கானோ மாங்கனீசோ குரோமியமோ இருக்கும். சுமார் 770 டிகிரியில் காந்தம் விடும். அதற்கு மேல் இன்னும் ஒரு நிறம் ஏற்றினால் கார்பன் சட்டென்று இரும்பில் கரைந்துவிடும். உடனே எண்ணெயில் முக்கினால் கடினமாகும். அச்சும் வெட்டுக்கருவியும் செய்கிற டூல் ஸ்டீலில் அப்படி நடக்காது. குரோமியம், டங்ஸ்டன், வனேடியம் எல்லாம் கார்பனைக் கெட்டியாகப் பிடித்து, கார்பைடு என்ற மணிகளாக வைத்திருக்கும். சீனி கரைகிற வேகத்தில் பனங்கற்கண்டு கரையுமா? அதற்குச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். டி2-வில் 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். காந்தம் விடுகிற சூட்டில் அதில் பெரும்பகுதி கரையாமல் அப்படியே கிடக்கும். நாங்கள் முக்கியது கார்பன் கரையாத இரும்பை.

சிவகளையிலும் ஆதிச்சநல்லூரிலும் தோண்டியெடுத்த இரும்பின் காலம் தொட்டு இந்தப் பக்கத்துக் கொல்லர்கள் சூட்டைக் கண்ணால்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த இரும்புக்கு அது போதும். துருப்பிடிக்காத உருக்கோ 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்காக ஆராயப் போய்க் கைக்கு வந்த சரக்கு. அங்கிருந்த கத்திக்காரர்களே முதலில் அதைக் கடினப்படுத்தத் தெரியாமல், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள். ஆகவே நம் ஆசாரிக்குக் குறை ஒன்றும் இல்லை. நான் வைத்துக்கொண்ட விதி இதுதான்: வடிவம் கையால், சூடு எண்ணால்.

முதல் வேலை: எதை வாங்குவது

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் டை வேலை செய்கிற லேத் பட்டறைகளில் கேட்டால் இந்தப் பெயர்கள் காதில் விழும். ஓ.எச்.என்.எஸ். என்பார்கள், புத்தகங்களில் அதுதான் ஓ1. கார்பன் 0.9 அளவு, மாங்கனீசு 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, குரோமியமும் டங்ஸ்டனும் அரை அரை. எச்.சி.எச்.சி.ஆர். என்றால் டி2-வாகவும் இருக்கலாம், டி3-யாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே பெயரால் விற்கிறார்கள். டி3-யில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல். அதை எண்ணெயில் குளிர்விக்க வேண்டும், கத்தியானால் சுலபமாகச் சில்லு தெறிக்கும். கேட்டு வாங்குங்கள், முடிந்தால் டெஸ்ட் சர்ட்டிபிகேட்டின் நகலோடு.

ஸ்டெயின்லெஸ்தான் ஏமாற இடம் கொடுப்பது. வீட்டு எவர்சில்வர் சொம்பு, தட்டு எல்லாம் 304, 202 வகை. அவற்றை எவ்வளவு காய்ச்சி முக்கினாலும் கடினமாகாது. காந்தம் ஒட்டினால் கத்தி ஸ்டீல் என்று ஒரு கடையில் சொல்லிக் கொடுத்தார்கள், நம்பி வாங்கிவந்தேன். மூன்று தடவை காய்ச்சியும் அரம் கடித்தது. பிறகுதான் தெரிந்தது: 430 வகைக்கும் காந்தம் ஒட்டும், ஆனால் அதில் கார்பனே கிடையாது என்கிற அளவுக்குக் குறைவு. காந்தம் ஒட்டாவிட்டால் நிச்சயம் வேண்டாம். ஒட்டினால் மட்டும் போதாது. பெயர் சொல்லி 440சி என்றோ ஏ.இ.பி.எல். என்றோ வாங்குங்கள். 440சி-யில் கார்பன் 1 சதவீதம், குரோமியம் 17 அளவு. ஏ.இ.பி.எல்.-இல் கார்பன் 0.67, குரோமியம் 13. மெல்லிய சமையல் கத்திக்கு எனக்கு இதுதான் பிடிக்கும், கூர் அவ்வளவு நுணுக்கமாக ஏறும்.

டி2-வில் 12 சதவீதம் குரோமியம் இருக்கிறதே, துருப்பிடிக்காதா என்று கேட்பார்கள். பிடிக்கும். அந்தக் குரோமியத்தில் கிட்டத்தட்டப் பாதி கார்பைடுக்குள் மாட்டிக்கொள்கிறது. உவரி, கூடங்குளம் உப்புக்காற்றில் இரண்டு வாரம் துடைக்காமல் வையுங்கள், புள்ளி புள்ளியாகத் தெரியும்.

முதல் கத்திக்கு ஓ1 எடுங்கள், 3 மி.மீ. கனத்தில். வேறு யோசனையே வேண்டாம். அருவாள் செய்யவா என்று கேட்டால், வேண்டாம். தேங்காய் வெட்டவும் விறகு பிளக்கவும் அடி தாங்குகிற இரும்பு வேண்டும். அதற்கு ஆசாரியின் பட்டை அருவாளை டி2-வும் 440சி-யும் தொட முடியாது. பனையேறிகளின் பாளை அருவாள் வேறு கதை. மெல்லிய சீவல் சீவுகிற கூர் அது, ஓ1-க்கு ஏற்ற வேலை.

இன்னொன்று. ஆயுதச் சட்டப்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ என்று செய்யப்படாதவை என்றால், ஆயுதக் கணக்கில் வரும். நம் ஜில்லாவில் இதை விளையாட்டாக எடுக்க முடியாது. சமையல் கத்தி செய்யுங்கள், 6 அங்குல அலகு போதும்.

வெட்டுவதும் ராவுவதும்

கடையிலிருந்து வரும் பிளேட் மென்மையான பதத்தில்தான் இருக்கும். அட்டையில் வடிவம் வெட்டி, பிளேட்டில் ஒட்டிக் கோடு இழுத்து, ஆங்கிள் கிரைண்டரில் கோட்டுக்கு வெளியே வெட்டுங்கள். பிடி ஓட்டைகளை இப்போதே போட்டுவிட வேண்டும், ஆணியின் கனத்தைவிட ஒரு மயிரிழை பெரிதாக. ஹார்டனிங், அதாவது கடினமாக்குவது, ஆனபின் சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது. ஸ்டெயின்லெஸில் டிரில்லை மெதுவாகச் சுற்றவிட்டு, எண்ணெய் விட்டு, அழுத்திப் பிடியுங்கள். சுழன்று தேய்ந்துகொண்டே இருந்தால் பிட் போய்விடும்.

அலகும் பிடியும் சேருகிற இடத்தில் கூரான மூலை விடாதீர்கள். உருட்டு அரத்தால் வளைவாக்குங்கள். குளிர்விக்கும்போது விரிசல் கிளம்புகிற இடம் அதுதான். குறுக்காக ஓடும் ஆழமான கீறல்களையும் 120 பேப்பரில் எடுத்துவிடுங்கள்.

ஓ1-க்கு வாய்ப்பக்கம் முக்கால் மி.மீ. கனம் மிச்சம் வைத்து ராவிக்கொள்ளலாம். ஸ்டெயின்லெஸுக்கும் டி2-வுக்கும் நான் தட்டையாகவே விட்டுவிட்டு, ஹார்டனிங் முடிந்தபின்தான் சரிவு எடுக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

அடித்துத்தான் செய்ய வேண்டும் என்கிறவர்கள் ஓ1-ஐ அடிக்கலாம். நல்ல ஆரஞ்சு நிறத்தில் தொடங்கி, செம்மை மங்குவதற்குள் நிறுத்திவிட வேண்டும். அடித்து முடித்ததும் தரையில் போடாதீர்கள்; மெல்லிய ஓ1 காற்றிலேயே பாதி கடினமாகிவிடும், அப்புறம் அரம் இறங்காது. ரைஸ் மில்லில் உமிச்சாம்பல் ஒரு டின் வாங்கி வையுங்கள். கத்தியை ஒருதடவை காந்தம் விடுகிற அளவு காய்ச்சி, கூடவே ஒரு கனமான சூட்டுக் கம்பியையும் வைத்துச் சாம்பலுக்குள் புதைத்தால் மறுநாள் காலையில்தான் கை வைக்க முடியும். அவ்வளவு நல்ல சூடுகாப்பு அது. டி2, 440சி இரண்டையும் அடிக்க முயலாதீர்கள். என் வறுக்கி ரொட்டிக் கதை போதும்.

முகமூடி இல்லாமல் கிரைண்டர் பக்கம் போகக்கூடாது, குரோமியத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. சுற்றுகிற பெல்ட்டிலும் டிரில்லிலும் கையுறை போடக்கூடாது, இழுத்துக்கொள்ளும்.

ஓ1-க்குத் தோய்ச்சல்

தோய்ச்சல் என்பது காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவது. இங்கே அவசரப்படாதீர்கள். கத்தியின் உயிர் இந்த அரைமணி நேரத்தில் இருக்கிறது.

வேண்டிய சூடு 800 முதல் 815 டிகிரி, அதில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். மின் சூளை இருந்தால் எண்ணைப் போட்டுவிட்டு உட்காரலாம். கேஸ் உலைதான் என்றால், ஒருபக்கம் அடைத்த கனமான இரும்புக் குழாயை உலைக்குள் வைத்து, கத்தியை அதற்குள் வைத்துக் காய்ச்சுங்கள். தீ நேரடியாகப் படாது, சூடு சீராக இருக்கும். ஜி.ஐ. பைப்பை எடுக்கவே கூடாது, துத்தநாகப் புகை ஆளைப் படுக்க வைக்கும். குழாயின் அடியில் இரண்டு துண்டு சிரட்டைக்கரி போட்டால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனை அது தின்றுவிடும், கத்தியின் மேல்தோல் கார்பன் இழக்காது.

சூட்டை அளக்கக் கே டைப் தெர்மோகப்பிள் என்ற சூடுணரும் கம்பியும் ஒரு மீட்டரும் வாங்குங்கள். அதோடு எனக்குப் பிடித்த ஒரு சாட்சி உண்டு: தூத்துக்குடி உப்பு. சாப்பாட்டு உப்பு 801 டிகிரியில் உருகும். இது இயற்கை வைத்துத் தந்த அளவுகோல். உப்பை வாணலியில் வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். வறுக்காத கல்லுப்பு சூட்டில் வெடித்துத் தெறிக்கும். கத்தியின் மேல் போடாமல், பக்கத்தில் ஒரு வேண்டாத இரும்புத் துண்டை வைத்து அதன்மேல் ஒரு சிட்டிகை போடுங்கள். உப்பு கண்ணாடி மாதிரி இளகியதும் கடிகாரத்தைப் பாருங்கள், அங்கிருந்து பத்து நிமிஷம். மீட்டர் பொய் சொல்கிறதா என்றும் இதில் தெரிந்துவிடும்.

நேரமும் முக்கியம். பாளையங்கோட்டை வெயிலில் நண்பகலில் செவந்த கத்திகூடக் கறுப்பாகத்தான் தெரியும். சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது, கூரைக்குக் கீழே செய்யுங்கள். ஆனி, ஆடியில் தென்காசிக் கணவாய்க் காற்று கேஸ் உலைத் தீயைப் பிடித்து உலுக்கும். தட்டி கட்டாமல் ஆகாது.

எண்ணெய்க்குக் கடலை எண்ணெய் போதும். ஆறு லிட்டராவது, மூடியுள்ள உயரமான இரும்புப் பாத்திரத்தில், 50 முதல் 60 டிகிரி வரை சுட வைத்து. சூடான எண்ணெய் இளகி ஓடும், கத்தியை வேகமாகக் குளிர்விக்கும். பழைய என்ஜின் ஆயில் வேண்டாம், புகை விஷம். தண்ணீர் கூடவே கூடாது, ஓ1 கீறிவிடும். முனையை முதலில் நேராக இறக்கி, வெட்டுகிற திசையிலேயே முன்னும் பின்னும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் வளையும். தீப்பற்றினால் மூடியைப் போட வேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது.

புகை அடங்கியதும் வெளியே எடுத்துக் கண்ணோட்டம் பாருங்கள். வளைந்திருந்தால் தோல் கையுறையோடு நிமிர்த்த ஒரு நிமிஷம் போல அவகாசம் உண்டு. சூடு 200-க்குக் கீழே இறங்க இறங்க அது கண்ணாடியாகிவிடும். முழுக்க ஆறியபின் அரம் போடுங்கள். கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கினால் வெற்றி. மேல்தோல் மட்டும் கடித்தால் லேசாக ராவிவிட்டு மறுபடி பாருங்கள், கார்பன் இழந்த தோலாக இருக்கும்.

இதையெல்லாம் கத்தியில் செய்து பார்ப்பதற்கு முன்னால், அதே பிளேட்டில் விரலளவு துண்டு ஒன்றைத் தோய்த்து, துணி சுற்றிப் பைஸில் வைத்து உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக இருந்தால் சூடு சரி. மணல் மாதிரி மினுக்கினால் அதிகம்.

அன்றைக்கே டெம்பரிங்

டெம்பரிங் என்றால் தோய்த்த கத்தியை மிதமாகச் சூடாக்கி, உடைகிற குணத்தைக் குறைப்பது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் இரவிலேயே விரிசல் விடலாம். கை பொறுக்கும் சூடு வந்ததும் கேக் சுடுகிற ஓ.டி.ஜி. மின் அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். கடினத்தை அளக்கிற ராக்வெல் கணக்கில் 60-ஐ ஒட்டி நிற்கும்.

அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். என்னுடையது 200 என்று காட்டிக்கொண்டு 150-இல் நின்றது. அந்தக் கத்தியால் சீலா மீன் தலையை வெட்டியபோது வாய் பல் பல்லாக உதிர்ந்தது. இப்போது தட்டில் தேரி மணல் பரப்பி அதற்குள் கத்தியைப் புதைத்து, பக்கத்தில் தெர்மோகப்பிளையும் செருகுகிறேன். ஏறி இறங்கும் சூட்டை மணல் சமன் செய்துவிடும். ஓ1 வெளிர் வைக்கோல் நிறத்துக்கு வரும். ஸ்டெயின்லெஸில் இந்த நிறக்கணக்கு பொய். அதே நிறம் வர அதற்கு இன்னும் கூடுதல் சூடு வேண்டும்.

டி2, 440சி: இரண்டு வழி

முதல் வழி, சொந்தச் சூளை. சூடுதாங்கும் லேசான செங்கல், காந்தல் (Kanthal) என்ற சூடேற்றும் கம்பி, சூட்டைத் தானே நிலையாக வைக்கிற பி.ஐ.டி. கன்ட்ரோலர் வைத்துப் பலர் கட்டியிருக்கிறார்கள். கதவைத் திறந்தால் மின்சாரம் அறுகிற சுவிட்ச் இல்லாமல் கட்டாதீர்கள், வயரிங்கைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். 1000 டிகிரிக்கு மேல் காற்றுப் பட்டால் தோல் கருகும், அதனால் கத்தியை 321 ஸ்டெயின்லெஸ் தாளில் உறை மாதிரி மடித்து, ஓரங்களை இரண்டு மடிப்பு மடிக்க வேண்டும். உள்ளே ஒரு துண்டுக் காகிதம் போட்டால் எரிந்து மிச்சக் காற்றைத் தீர்த்துவிடும். தாளின் ஓரம் பிளேடை விட மோசமாக அறுக்கும், பார்த்து.

டி2-வுக்கு 650-இல் கால்மணி நேரம் நிறுத்தி, 1010-க்கு ஏற்றி அரைமணி. 440சி-க்கு 1050, இருபது முதல் முப்பது நிமிஷம். பிறகு உறையோடு எடுத்து, ஒரு அங்குலக் கனமுள்ள இரண்டு அலுமினியப் பலகைகளுக்கு நடுவே வைத்து இறுக்குங்கள். எண்ணெய் வேண்டாம், பலகையே சூட்டை உறிஞ்சிவிடும், கத்தியும் வளையாது. தட்டையாக விடச் சொன்னது இதற்குத்தான், சரிவு எடுத்த அலகில் பலகை முழுக்க ஒட்டாது. நடுவில் கரண்ட் போய்விட்டால் பதறாதீர்கள். ஆறவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

இந்த உருக்குகளில் அறைச்சூட்டுக்கு வந்த பிறகும் ஒரு பகுதி மாறாமல் மென்மையாகவே நிற்கும். டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி, திரவ நைட்ரஜன் மைனஸ் 196. டெம்பரிங்குக்கு முன் இதில் போட்டால் மிச்சமும் மாறும். மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசி வைக்கிற அந்தப் புகை கக்கும் கேனில் இருப்பது இதே திரவ நைட்ரஜன்தான். மூடிய அறையில் கையாண்டால் மூச்சடைக்கும். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், ராக்வெல்லில் ஓரிரண்டு புள்ளி குறையும், கத்தி கெடாது. வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18-தான், அதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. டெம்பரிங் ஓ1 போலவே 200-இல் இரண்டு தடவை. 440சி-யை 425-க்கு மேல் கொண்டுபோனால் துரு தாங்கும் குணமும் உறுதியும் சேர்ந்து போகும்.

இரண்டாவது வழி, நான் இப்போது போகும் வழி: வடிவம் வெட்டி ஓட்டை போட்ட துண்டுகளைக் கோயம்புத்தூரில் வேக்குவம் ஹார்டனிங், அதாவது காற்றை உறிஞ்சியெடுத்த சூளையில் கடினமாக்குவது, செய்கிற இடத்துக்குப் பார்சல் போடுவது. ஒரு கத்திக்கு என்று அனுப்பினால் கூலி கட்டுபடியாகாது, நண்பர்களோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டாக அனுப்புகிறோம். எந்த உருக்கு, ராக்வெல் எத்தனை வேண்டும், வளையக்கூடாது என்று காகிதத்தில் எழுதிக் கட்டுங்கள். டி2-வையும் 440சி-யையும் ஒரே கட்டில் போடாதீர்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சாணை, பிடி

கடினமான பிறகு ராவும்போது வெறுங்கையால் பிடியுங்கள், ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் முக்குங்கள். வாயில் நீலம் ஓடினால் அந்த இடத்தில் ஓ1-இன் பதம் போயிற்று. டி2 சாதாரண பெல்ட்டைச் சாப்பிட்டுவிடும், செராமிக் பெல்ட் வாங்குவது கடைசியில் லாபம்.

கூர் ஏற்றச் சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 15 டிகிரி, டி2 என்றால் 20. டி2-வுக்கு வைரத் தகடு வேண்டும். ஓ1-க்குக் கடையில் கிடைக்கும் சாணைக்கல்லே போதும், முடிவில் தோல் வாரில் பத்து இழுப்பு.

பிடிக்கு நம் பக்கத்தில் பனை வைரத்தை மிஞ்சியது இல்லை, கறுப்பில் மஞ்சள் கோடு ஓடும். ஆனால் சிலாம்பு எழும்பும், கையில் ஏறினால் உயிர் போகும். மெல்லிய எப்பாக்ஸியை இரண்டு கோட் குடிக்கவிட்டு, காய்ந்தபின் ராவுங்கள். அது வேண்டாம் என்றால் புளிய வைரம், பூவரசு. இரண்டு பித்தளைக் கம்பியும் எப்பாக்ஸியும் போதும்.

ஓ1-இல் புளி பட்டாலும் எலுமிச்சை பட்டாலும் கறுக்கும். அது துரு இல்லை, போகப் போக அந்தக் கறுப்பே செந்துருவைத் தள்ளி வைக்கும். கழுவித் துடைத்து, வாரத்துக்கு ஒருதடவை தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். 440சி-க்கு அதுவும் வேண்டாம், உப்புத் தண்ணீரில் ஊறப்போடாமல் இருந்தால் சரி. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. அம்மா கை நீட்டுவது கறுத்துப்போன ஓ1-க்குத்தான். மினுமினுப்பானது விருந்தாள் வந்தால் இறங்கும்.